கல்பாசிக்கு விலை வைத்தது யார்?

பிரியாணி மசாலா பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள் தோழர்களே. மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, கிராம்பு என்று போகும் வரிசையில் எங்காவது ஓர் ஓரத்தில் கல்பாசி இருக்கும். மல்லிக்கு வயல் உண்டு. கிராம்புக்குத் தோட்டம் உண்டு. கல்பாசிக்கு இரண்டும் கிடையாது. உயரமான மலைக்காட்டில் ஈரம் தங்கும் மரப்பட்டையிலும் பாறையிலும் தானாகப் படர்ந்து, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல வளர்வது அது. யாராவது மலையேறி, கையால் சுரண்டி எடுத்து, காயவைத்து, மூட்டை கட்டித் தலையில் சுமந்து இறக்கினால்தான் கடைக்கு வரும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்கே இருக்கும் மலையில் அந்த 'யாராவது' என்பவர் பளியர். தேன், குங்கிலியம், கடுக்காய், நெல்லி, நன்னாரி எல்லாவற்றுக்கும் இதுதான் கதை. விருதுநகர் சந்தையில் வத்தலும் மல்லியும் என்ன விலைக்குப் போயின என்று பத்திரிகையில் வருகிறது. கல்பாசியைச் சுரண்டியவர் கையில் என்ன விலை விழுந்தது என்று வருவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தொழில் நிறுவனங்கள் பழங்குடி மக்களின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது, அவர்களோடு எப்படி நல்லிணக்கம் காண்பது என்ற பேச்சு கல்லூரிக் கருத்தரங்குகளில் அடிக்கடி காதில் விழுகிறது. சமூகப்பணி படிக்கும் தம்பி, தங்கைகள் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். 'நல்லிணக்கம்' என்ற சொல் இந்தப் பொருளில் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தது. கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2015இல் 94 அறைகூவல்களை வெளியிட்டது. அவற்றில் 92ஆவது, நேரடியாகத் தொழில் நிறுவனங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. திட்டம் தொடங்கும் முன்பே அந்த மக்களின் சம்மதத்தைப் பெறு, வேலையிலும் பலனிலும் நியாயமான பங்கு கொடு, அவர்களுக்கு நடந்த வரலாற்றை உன் மேலாளர்களுக்குக் கற்றுக்கொடு என்பது அதன் சாரம்.

நம் ஊர்க் கருத்தரங்குகளில் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். எந்தப் பிணக்கைத் தீர்க்க இந்த இணக்கம் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

செண்பகத்தோப்பு, அத்திகோயில், தாணிப்பாறை, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் என்று மலையடிவாரத்தில் இன்று பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. அரசு கட்டிய ஓட்டு வீடுகளும் தொகுப்பு வீடுகளும் அவை. இன்றைய முதியவர்களின் தாத்தா, பாட்டி காலத்தில் வாழ்க்கை மலைக்குள் இருந்தது. பாறைக் குகையிலும் இலைக் குடிலிலும் தங்கி, காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, சில குடும்பங்கள் சேர்ந்தும் பிரிந்தும் நகர்ந்துகொண்டே இருந்த வாழ்க்கை. பேசுவது தமிழ்தான். பட்டியல் பழங்குடியினர் வரிசையில் 'பளியன்' என்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

1960களின் தொடக்கத்தில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பளியரோடு தங்கி ஆய்வு செய்தார். பழங்குடிகளை 'அமைதியானவர்கள், வெகுளிகள்' என்று எழுதிவிட்டுப் போவது அந்தத் துறையின் பழைய நோய். கார்ட்னரிடமும் அதன் சாயல் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் ஒரு சொல்லைப் பிடித்து வைத்தார். ஒருவரை இன்னொருவர் கீழே இறக்குவதைப் பளியர் 'தரக்குறைவு' என்று சொல்கிறார்கள் என்றும், யாரும் யாரையும் தரக்குறைவு செய்யாமல் இருப்பதே அவர்கள் ஒழுக்கத்தின் நடுமையம் என்றும் பதிவு செய்தார். கணவன் மனைவியை, பெற்றோர் பிள்ளையை, மூத்தவர் இளையவரை அதிகாரம் செய்வதுகூட அதில் அடங்கும். தரக்குறைவு நேர்ந்தால் என்ன செய்வார்கள்? திருப்பி அடிப்பதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுவார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம் சேரிகளில் அவமானத்துக்கு எதிராகப் போராட்டம், வழக்கு, ஊர்வலம் என்று ஒரு மொழி உருவாகியிருக்கிறது. பளியரின் மொழி விலகிப்போவது. சமவெளி வணிகர்கள் இந்த விலகலைத் தங்களுக்கு வசதியாகப் புரிந்துகொண்டார்கள். "சொன்ன நாளுக்கு வேலைக்கு வரமாட்டான், சொல்லாமல் ஓடிவிடுவான், சோம்பேறி" என்று இன்றும் தோப்புக்காரர்கள் சொல்லக் கேட்கலாம். அவர் ஓடியதற்கு முந்தின நாள் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

இனி கணக்குக்கு வருவோம். மலை யாருடையது என்று காகிதத்தில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் காகிதத்தில் பளியர் பெயர் இல்லை. இந்த மலையடிக் காடுகளில் பெரும்பகுதி சிவகிரி, சேத்தூர், சாப்டூர் போன்ற ஜமீன்களின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1882இல் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காப்புக்காடு என்று அறிவித்துவிட்டால், அதற்குள் விறகு பொறுக்குவதும் தேன் எடுப்பதும் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய காரியம். விடுதலைக்குப் பின் 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன்கள் போயின. உழுதவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்க வழி பிறந்தது. காடு அரசுக்குப் போனது. உழாத மக்களுக்கு, அதாவது கிழங்கு தோண்டியவர்களுக்கும் தேன் எடுத்தவர்களுக்கும், நிலச் சீர்திருத்தத்தில் எதுவும் இல்லை. ஜமீன் ஒழிப்பைக் கொண்டாடும் நம் பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் மூச்சு விடாமல் கடந்துபோகின்றன.

அரசு தன் கையில் வந்த காட்டின் 'சிறு வன மகசூலை' ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் ஒப்பந்ததாரர். அவருக்குக் காட்டுவழி தெரியாது, எந்த மரப்பொந்தில் கொசுத்தேன், எந்தப் பாறையில் மலைத்தேன் என்று தெரியாது. அது தெரிந்தவர் பளியர். ஆக, வணிகம் நடந்த விதம் இப்படி: காட்டுக்கான விலை அரசுக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே பேசப்பட்டது, சரக்குக்கான விலை ஒப்பந்ததாரருக்கும் நகரத்து மொத்த வியாபாரிக்கும் இடையே பேசப்பட்டது. காட்டையும் சரக்கையும் இணைத்த மனிதரிடம் எந்த விலையும் பேசப்படவில்லை. அவருக்கு முன்பணம் தரப்பட்டது. அரிசி, உப்பு, புகையிலை, துணி என்று கொடுத்துவிட்டு, மூட்டை இறங்கும்போது கழித்துக்கொண்டார்கள். தராசு ஒப்பந்ததாரருடையது. நோட்டு அவருடையது. எழுத்து அவருக்கு மட்டும் தெரிந்தது. கடன் எப்போது தீர்ந்தது என்பதையும் அவரே சொல்வார்.

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு உங்கள் ஊர்ப் பண்ணையாரின் நோட்டு நினைவுக்கு வரும். வரவேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. வயலில் நடந்த கொத்தடிமைத்தனத்தை அடையாளம் காணவே நம் அதிகாரிகளுக்குக் கண் போதவில்லை. மலையில் தேன் கணக்கில் நடந்ததை எங்கே காண்பார்கள்?

அடுத்த மாற்றம் 1988இல் வந்தது. இங்கே சுமார் 480 சதுர கிலோமீட்டர் காடு சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரணாலயத்திலிருந்து வனப்பொருளை எடுப்பதானால் அங்குள்ள மக்கள் சொந்தத் தேவைக்கு மட்டும் எடுக்கலாம், விற்பனைக்கு எடுக்கக் கூடாது என்றானது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. தமிழ்நாட்டின் ஐந்தாவது, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம். அணிலுக்கும் புலிக்கும் நாம் எதிரிகள் அல்ல. ராஜபாளையம் நகரத்தின் குடிநீரே அய்யனார் கோயில் ஆற்றிலிருந்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக வருகிறது. காடு இல்லாவிட்டால் குழாயில் காற்றுதான். ஆனால் ஒரு விஷயத்தைப் பொருளாதாரமாக யோசியுங்கள். ஒரு பொருளை விற்பதே குற்றம் என்று ஆக்கிவிட்டால், அதை விற்பவர் பேரம் பேச முடியாது. "இஷ்டம் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் ரேஞ்சரிடம் சொல்வேன்" என்று ஒரு வாக்கியம் போதும், விலை பாதியாகிவிடும். தடைச் சட்டத்தால் காட்டுப்பொருள் வணிகம் நிற்கவில்லை. பளியர் மட்டும் அவர் காட்டிலேயே திருடர் ஆனார். பாக்கெட்டில் கல்பாசி வந்துகொண்டேதான் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் 2006 வன உரிமைச் சட்டம். காலங்காலமாகச் சேகரித்துவந்த சிறு வன மகசூலின் மீது உடைமை உரிமை, அதைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை வனவாசிகளுக்கு உண்டு என்று அதன் 3(1)(இ) பிரிவு சொல்கிறது. அச்சட்டத்தில் 'வனநிலம்' என்றால் சரணாலயமும் அடக்கம். தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2008இல் சென்னை உயர்நீதிமன்றம், உரிமைப் பட்டயம் வழங்கும் முன் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதை நீக்க 2016 வரை ஆனது. எட்டு ஆண்டுகள். இன்னொன்றும் உண்டு. ஒடிசா, ஜார்க்கண்ட் போல இங்கே அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே 1996இன் பெசா சட்டம் இங்கே செல்லாது. நம் பளியருக்கு இருக்கும் ஒரே சட்டக் கைப்பிடி வன உரிமைச் சட்டம்தான்.

இப்போது கம்பெனிகளின் பக்கம் திரும்புவோம். ராஜபாளையம் சாதாரண ஊர் இல்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நூற்பு, சிமென்ட் என்று வளர்ந்த தொழில் மூலதனம் இங்கே இருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி நாடெங்கும் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே ஒரு ஊர் தன் பொருளின் பெயரை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்று தெரியும். அதே தாலுகாவின் மலைத்தேனுக்குப் பெயர் கிடையாது, முகவரி கிடையாது. சதுரகிரி அடிவாரத்தில் 'சதுரகிரி மூலிகை' என்று விற்கும் பொட்டலங்களில் சித்தர் படம் இருக்கும். மூலிகையைப் பறித்தவர் படம் இருக்காது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணம் பல ஊர்களில் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் வருகிறது. எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு கம்பளி வழங்கும் நிகழ்ச்சிக்கு நாங்கள் போயிருந்தோம். பேனரைக் கட்டி முடிக்கும்வரை மக்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு பாட்டியிடம் கம்பளியைக் கொடுத்துவிட்டு, போட்டோ சரியாக வரவில்லை என்று திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அவர் கம்பளியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏற்பாட்டாளர்களுக்கு அவர் ஏன் போனார் என்று புரியவே இல்லை. கார்ட்னர் எழுதி வைத்த அந்த ஒற்றைச் சொல் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் புரிந்திருக்கும்.

கம்பளி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் மார்கழிக் குளிர் கடுமையானது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற ஏற்பாட்டில் நம்பிக்கை பிறக்காது என்பதுதான் விஷயம். வாங்கல், விற்றலில் இரண்டு தரப்பும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டியிருக்கும். அதனால்தானோ என்னவோ, தானம் செய்ய முன்வரும் நிறுவனங்கள் ஒப்பந்தம் போட முன்வருவதில்லை.

ஒப்பந்தம் போட்ட கதையும் ஒன்று இருக்கிறது. இதே மலைத்தொடரில் தெற்கே போனால் அகத்தியமலை. அங்கே காணி மக்கள் இருக்கிறார்கள், கேரளப் பக்கமும் நம் பக்கமும். 1987 டிசம்பரில் தாவர அறிவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு கேரளப் பக்கக் காட்டில் ஏறியது. குழுவினர் மூச்சு வாங்கிக் களைத்துப்போக, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ சிறு காய்களை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாதது. பிறகு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழியின் பேரில் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அந்தச் செடியின் அறிவியல் பெயரில் இலங்கையும் திருவிதாங்கூரும் இருக்கின்றன, காணி இல்லை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. தயாரிக்கும் உரிமத்தை 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு ஏழு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. உரிமக் கட்டணம் பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு விழுக்காடு உரிமைத்தொகை. ஆராய்ச்சி நிறுவனம் தனக்கு வந்ததில் சரிபாதியைக் காணிகளுக்குத் தர முடிவு செய்தது. அன்றைக்கு அப்படிச் செய்யச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. உயிரியல் பன்மைச் சட்டமே 2002இல்தான் வந்தது. ஆகவே அந்த முடிவுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். 1997இல் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999இல் ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் அதன் கணக்குக்குப் போனது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இது முன்மாதிரியாக ஏறியது.

ஆனால் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். ரகசியம் சொல்லப்பட்டது 1987. கம்பெனியோடு ஒப்பந்தம் 1995. காணிகளின் அறக்கட்டளை 1997. ஒப்பந்தம் கையெழுத்தானபோது காணிகள் என்ற தரப்பே காகிதத்தில் இல்லை. பங்கு கிடைத்தது, ஆனால் பங்கை நிர்ணயித்தவர்களில் அவர்கள் இல்லை. பிலாத்தி என்று அழைக்கப்படும் அவர்களின் மருத்துவர்கள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்காதீர்கள் என்று 1995இல் கேரள முதல்வருக்குக் கடிதமே எழுதினார்கள். ஒரு பகுதிக் காணிகளோடு பேசிவிட்டு எல்லாக் காணிகளோடும் பேசியதாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

அடுத்து நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். மருந்துக்கு இலை வேண்டும். காணிக் குடும்பங்கள் செடியைப் பயிரிட்டு விற்கலாம் என்று திட்டம். இலையை வெட்டி விற்கப் போனபோது வனத்துறை தடுத்தது. காட்டுச் செடி, காட்டு நிலம், அனுமதி இல்லை. அறிவு அவர்களுடையது என்று ஒரு அரசு நிறுவனம் ஒப்புக்கொண்டது, செடி அவர்களுடையது இல்லை என்று இன்னொரு அரசுத் துறை சொன்னது. ஜீவனி என்ற பெயரை வெளிநாட்டில் பாதுகாக்காமல் விட்டதால் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அந்தப் பெயரை வணிகக்குறியாக்கிக்கொண்டது. உரிமக் காலம் முடிந்தபின் மருந்து உற்பத்தியும் நின்றுபோனது.

நல்லெண்ணம் உள்ள அறிவியலாளர், ஒப்புக்கொண்ட கம்பெனி, கைக்கு வந்த பணம், மூன்றும் இருந்தும் இந்தக் கதி. காட்டின் மீது உரிமை இல்லாதவருக்கு, காட்டுப்பொருள் ஒப்பந்தத்தில் கிடைக்கும் இடம் விருந்தாளியின் இடம்தான்.

இதற்கு மாற்றாக நீலகிரியைச் சொல்லலாம். கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு 1990களில் தேன் எடுப்பவர்களோடு வேலையைத் தொடங்கியது. பல ஆண்டுகள் கழித்து, 2013இல், ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவானது. அதன் பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. சேகரிப்பது, தரம் பிரிப்பது, புட்டியில் அடைப்பதுவரை அவர்கள் கையில். வெளியே இருக்கும் கடைக்காரர், கம்பெனி யாராக இருந்தாலும் அந்த நிறுவனத்தோடு விலை பேச வேண்டும். எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நாம் சொல்லமாட்டோம். உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துவது எவ்வளவு தலைவலி என்று தெரிந்தவர்கள் நாம். ஆனால் தராசும் நோட்டும் இடம் மாறியிருக்கின்றன. ராஜபாளையம் பக்கம் இப்படி ஒன்று எழ வேண்டுமானால் பத்தாண்டு உழைப்பு வேண்டும். கம்பளிப் பணத்தை அதற்குத் திருப்பலாம், ஆனால் ஆண்டறிக்கையில் போட அழகான போட்டோ கிடைக்காது.

சட்டத்தின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் திவ்யா பார்மஸி வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பைத் தந்தது. வெளிநாட்டுக் கம்பெனி மட்டுமல்ல, உயிரியல் வளத்தைப் பயன்படுத்தும் இந்தியக் கம்பெனியும் அங்குள்ள மக்களோடு பலனைப் பகிர வேண்டும் என்றது. நம்மில் சிலர் அன்று இனிப்பு வழங்காத குறை. 2023இல் உயிரியல் பன்மைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நூல்களில் பதிவான மரபறிவு, பயிரிடப்பட்ட மூலிகை ஆகியவற்றுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு கொடுத்தார்கள். சிறைத் தண்டனை அபராதமாக மாறியது. 'நூல்களில் பதிவான அறிவு' என்பதைச் சற்று யோசியுங்கள். எழுதி வைத்தவர் யார், எழுத விடப்படாதவர் யார்? பளியரின் மருந்தறிவு அவர்கள் நாக்கில் இருக்கிறது. அதே செடி ஏதாவது ஒரு சுவடியில் இருந்துவிட்டால், பளியருக்குப் பங்கு தரத் தேவையில்லை என்று வாதிட ஒரு வாசல் திறந்துவிட்டது. கல்வி மறுக்கப்பட்ட வரலாறு உள்ள நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

சம்மதம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் நியம்கிரியில் வேதாந்தாவின் பாக்சைட் திட்டம் பற்றி 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், கிராமசபைகள் முடிவெடுக்கட்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் கூடிய பன்னிரண்டு கிராமசபைகளும் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்தத் துணிவைத் தந்த சட்டம், மேலே சொன்ன அதே வன உரிமைச் சட்டம். 'இல்லை' என்று சொல்ல முடிகிற இடத்தில் சொல்லப்படும் 'சரி'க்குத்தான் மதிப்பு. ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ சுரங்கக் கம்பெனி நல்லிணக்கச் செயல்திட்டம் என்று அச்சடித்து, உயர்ந்த மதிப்பீட்டையும் வாங்கி வைத்திருந்தது. 2020 மே மாதம் இரும்புத் தாதுக்காக ஜூக்கன் பள்ளத்தாக்கின் 46,000 ஆண்டுப் பழமையான பாறைக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. அந்த நிலத்துக்குரிய மக்கள் கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. அரசு அனுமதி கையில் இருந்தது, சட்டப்படி எல்லாம் சரி. பிறகு தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார், செயல்திட்டத்துக்குக் கொடுத்த அங்கீகாரமும் திரும்பப் பெறப்பட்டது. குகை திரும்பாது.

கடைசியாக நம் பக்கத்துக்கு ஒரு வார்த்தை. தலித் அரசியலுக்கும் பழங்குடி அரசியலுக்கும் இடையிலான உறவு நாம் மேடையில் முழங்குவதுபோல எளிதானது இல்லை. 1945இல் பம்பாயில் ஆற்றிய உரையில் அண்ணல் அம்பேத்கர் தம் பிரதிநிதித்துவத் திட்டத்தில் பழங்குடிகளைச் சேர்க்கவில்லை. அவர்களிடம் இன்னும் அரசியல் உணர்வு வளரவில்லை என்று காரணம் சொன்னார். அடுத்த ஆண்டே அரசியல் நிர்ணய சபைக்குள் ஜெய்பால் சிங் முண்டா நுழைந்து, பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற பொருளில் பேசினார். அம்பேத்கரை வாசிப்பது என்றால் இந்த இடத்தையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். "பளியருக்காக நாங்கள் பேசுகிறோம்" என்று நம் இயக்கத் தோழர் யாராவது மைக் பிடித்தால், அதுவும் தரக்குறைவுதான்.

அப்படியானால் ஆய்வுத் தலைப்போடு வரும் தம்பி, தங்கைகள் என்ன செய்யலாம்? கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு மலையேறும் முன், கீழேயே செய்ய வேலை இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் மளிகை மொத்தக் கடைகளில் கல்பாசியும் தேனும் எங்கிருந்து வருகின்றன, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் என்ன விலை என்று விசாரித்து எழுதுங்கள். மசாலா கம்பெனிகளுக்கு, உங்கள் கல்பாசி யாரிடம் வாங்கப்படுகிறது என்று கடிதம் போடுங்கள். வன உரிமைச் சட்டத்தின் விண்ணப்பப் படிவங்கள் மூன்று. தனிமனித உரிமைக்கு ஒன்று, சமூக உரிமைக்கு ஒன்று, சமூக வன வளத்துக்கு ஒன்று. இரண்டாவதும் மூன்றாவதும்தான் வணிகத்தை மாற்றக்கூடியவை; நம் அதிகாரிகள் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளவே விரும்புவார்கள்.

2012இல் திருத்தப்பட்ட விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது. உரிமை பெற்ற மக்கள் சேகரிக்கும் சிறு வன மகசூலுக்கு எந்தக் கட்டணமும் அரசு வாங்கக் கூடாது. அதை மலையிலிருந்து வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கொடுக்க வேண்டியது கிராமசபை அமைக்கும் குழு. அதாவது, பளியர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று மூட்டையோடு கீழே இறங்க முடியும். பழங்குடிகளின் நம்பிக்கையைப் பெற என்ன செய்யலாம் என்று அடுத்த கருத்தரங்கில் எந்த நிறுவனத்தின் மேலாளராவது கேட்டால், உங்கள் கொள்முதல் பிரிவு அந்தச் சீட்டு இல்லாத மூட்டையைத் திருப்பி அனுப்புமா என்று கேளுங்கள்.